முன்சக்கரம் இல்லாத சைக்கிள்

செல்வி,

சைக்கிளில் முன்சக்கரத்தைக் காணோம் என்று போன் போட்டுக் கத்தாதே. சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஃபோர்க்கையும் கழற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போகிறேன். இன்று தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு பஸ்ஸிலேயே போ.

நான் வாங்கிய டிஸ்க் பிரேக் பொருந்தவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டியதுதான் மிச்சம். தகட்டை மாட்ட, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் ஓட்டை இல்லை, பிரேக்கை முடுக்க ஃபோர்க்கில் இடமில்லை. வெல்டிங் வைக்கலாமா என்று கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். "மோட்டார் வச்ச சைக்கிள்லா, அந்த வேகத்துல பிடிச்சா வெல்டிங் பிச்சுக்கிட்டு வந்துரும். டிஸ்க்குக்குன்னே வார ஃபோர்க்கும் ஹப்பும் போடுங்க" என்கிறார். விற்கும்போதே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

"பழைய பிரேக்கே போதும், எதுக்கு இந்தப் பாடு படுதீங்க" என்று நேற்றும் சொன்னாய். ஈரக் கரிசல் மண் ரிம்மில் அப்பினால் அந்தப் பழைய பிரேக் கட்டை பிடிக்காது என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. வாசற்படியில் வழுக்கியது என்று முழங்காலைக் காட்டினாய். கடம்பூர் விலக்கில், ரோடு பிரியும் இடத்தில் பிரேக் பிடிக்காமல் ஆட்டு மந்தைக்குள் விழுந்ததை, ஆட்டுக்காரர் திருப்பதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பத்து நாளாக மறைத்திருக்கிறாய். மோட்டார் மாட்டிக் கொடுத்தது நான் என்பதாலா?

புளிக்குழம்பு சட்டியில் இருக்கிறது. சாவி ஜன்னலில்.

மாரிராஜ்

பி.கு.: மாட்டி முடித்ததும் நான்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பேன். அதற்கும் சண்டை போடாதே.

முழங்காலுக்கு மருந்து டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே, யாரிடமாவது இடம் கேட்டு உட்கார்.