தெர்மாகோல் அடைத்த குளியலறை

அடியே, இன்று காலை தெர்மாகோல் அறுபடும் கிறீச் சத்தம் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. டிசம்பர் குளிர் தாங்காமல் என் மகள் படுக்கையறை ஜன்னல் இடுக்குகளை அடைத்துக்கொண்டிருந்தாள். "மிச்சத் துண்டை பாத்ரூமுக்கு வைக்கட்டுமாம்மா?" என்றாள். "கை வெச்சே, தெரியும் சேதி!" என்று நான் போட்ட சத்தத்தில் பயந்தே போனாள்.

நாம் இருவரும் ஈஜிபுராவில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்த முதல் குளிர்காலம். வைட்ஃபீல்ட் ஆபீஸில் துப்புரவு வேலை. ஆறு மணிக்கு ஆபீஸ் ஷட்டில் பஸ் வருவதற்குள் குளித்தாக வேண்டும். கரன்ட் கீசர் போட்டால் பில் எகிறுகிறது என்று நான்தான் பழைய காஸ் கீசர் ஒன்றை வாங்கி மாட்டினேன். அதோடு விட்டேனா? சூடு வீணாகக் கூடாதென்று வென்டிலேட்டரில் தெர்மாகோல் வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டினேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை.

குளிக்கும்போது நான் பாடுவேன். "காலங்காத்தால கழுத்தறுக்காதடி" என்று நீ தினமும் திட்டுவாய். அன்று பாதிப் பாட்டில் தலை சுற்றியது. வெறும் வயிறுதான் காரணம் என்று சுவரோரம் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது ஈரத் துண்டோடு நடையில் கிடந்தேன். வீட்டுக்கார அம்மா "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சென்று கன்னடத்தில் பதறிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கியது. நீ துடைப்பக் கட்டையால் அந்தத் தெர்மாகோலைக் குத்தி நொறுக்கிக்கொண்டிருந்தாய்.

"எல்லார் முன்னாடியும் இப்படியா இழுத்துட்டு வருவே? மானம் போச்சே!" என்று முனகினேன்.

"மானமாம் மானம்! நெருப்பு எரியற எடத்துல காத்தை அடைப்பாங்களா? காசை மிச்சம் புடின்னா, மூச்சையே மிச்சம் புடிப்பியா?" என்று கத்திவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். "பாட்டு நின்னுடுச்சுடி. பாவி, திடீர்னு உன் பாட்டு நின்னுடுச்சு."

மறுநாளே கீசரைக் கழற்றினோம். மொட்டை மாடியில் கறுப்பு டிரம் வைத்துத் தண்ணீர் நிரப்பினாய். வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தால் வெயில் பட்ட தண்ணீர் இதமாக இருக்கும், செலவே இல்லை. காலையில் முகம் மட்டும் கழுவிக்கொண்டு, "பவுடர் எதுக்குடி இருக்கு?" என்று சிரித்தபடி ஷட்டிலைப் பிடிப்போம்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் வீட்டில் சோலார் ஹீட்டர் இருக்கிறது, ஆனாலும் வென்டிலேட்டர் திறந்தேதான் கிடக்கிறது. குளிர்காற்று முதுகில் அறைய, பல் தந்தியடிக்க, பாடிக்கொண்டே குளிக்கிறேன். பாட்டு நின்றால் கதவை உடைத்துக்கொண்டு வர நீ இல்லையே, அதனால் பாட்டை நிறுத்துவதே இல்லை.