இரண்டாம் படியிலிருந்து ஒரு முழம்

அக்கா,

இன்று காலை நீங்கள் தைத்துக் கொடுத்த பச்சை ரவிக்கையைப் பிரிக்க உட்கார்ந்தேன். போன வருடம் போட்டது, இந்த வருடம் கை ஏறமாட்டேன் என்கிறது. உள்ளே பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடைத் துணியை மடித்து விட்டிருக்கிறீர்கள். மடிப்பின் ஓரத்தில் உங்கள் நீல சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது. "உள்ள துணி உட்டிருக்கறனுங்க அம்மணி. நாளைக்கு ஒடம்பு போட்டுச்சுன்னா பிரிச்சுக்கலாம்" என்று நீங்கள் அன்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நானாவது குண்டாவதாவது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் சொன்னதுதான் நடந்தது. அந்தக் கோட்டைத் தடவினேன், விரலில் கொஞ்சம் நீலம் ஒட்டியது. அதே சாக்பீஸால் எங்கள் போர்டிகோ தரையில் நீங்கள் போட்ட கோடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து, ரவிக்கை வேலை அங்கேயே நின்றுபோனது.

எங்கள் நாய் ராகியை வீட்டில் யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகள், துடியலூரில் தெருநாய்களைத் தத்துக் கொடுக்கிற முகாம் நடக்கிறது, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். சாயங்காலம் ராகி மாவு நிறத்தில் ஒரு பெட்டை நாயோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கருத்தடை செய்த அடையாளமாக அதன் வலது காது நுனியை வெட்டியிருந்தார்கள். தத்துப் படிவத்தில் பொறுப்பாளர் என்று என் பெயரை எழுதி, என் கையெழுத்தையும் அவளே போட்டுவிட்டு வந்திருந்தாள். வாய் ஓயும்வரை திட்டினேன். மகள் ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை. நாய்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. ஏற்கெனவே ஒரு வீட்டார் அதை எடுத்துப்போய், இரண்டே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்களாம். அதைக் கேட்ட பிறகு நான் திட்டுவதை நிறுத்தினேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நம் வீட்டின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், அதில்தான் எல்லாச் சிக்கலும். கீழே நாங்கள், மேலே நீங்களும் உங்கள் தையல் மிஷினும். உங்கள் மாடிப்படி எங்கள் போர்டிகோவில்தான் வந்து இறங்கும். கேட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. நான் நூல் மில் அலுவலகத்துக்கும், எங்கள் வீட்டுக்காரர் பெரியநாயக்கன்பாளையத்துப் பம்ப் பட்டறைக்கும், மகள் கல்லூரிக்கும் கிளம்பிவிட்டால், சாயங்காலம் வரை கீழே நாய், மேலே நீங்கள், அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே ஒருநாள் துணிப்பையோடு நீங்கள் இறங்க, அது குரைத்திருக்கிறது. ஆறாவது படியில் அரைமணி நேரம், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றிருக்கிறீர்கள். சின்ன வயதில் உக்கடம் குளத்து மேட்டில் ஒரு நாய் உங்கள் கெண்டைக்காலைக் கவ்வியதும், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டதும் எனக்கு அப்போது தெரியாது.

விஷயம் அடுத்த தெருவில் இருக்கும் வீட்டு ஓனர் காதுக்குப் போய்விட்டது. அவர் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஏனுங்க, எனக்கு நாய் மேல கோவமில்லீங்க. ஆனா மாடில இருக்கறவங்க ஒரு வார்த்தை சொல்லீட்டாங்கன்னா, அதை அனுப்பிப்போடோணுமுங்க. ஒரு மாசம் பாக்கறனுங்க." நம் ஊரில் விரட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் செய்வார்கள். மகள் அழுதாள். நான் ஒரு தட்டு முறுக்கை எடுத்துக்கொண்டு, உங்கள் காலில் விழாத குறையாக மாடியேறி வந்தேன்.

நீங்கள் மிஷினை நிறுத்தாமலே பேசினீர்கள். "நாயை அனுப்பச் சொல்லி நான் சொல்ல மாட்டனுங்க அம்மணி. ஆனா அதும்பட மூக்கு என் துணில பட்டுதுன்னா, மறுக்காக் கழுவி, துணி மாத்தித்தான் தொழோணும். அஞ்சு நேரமும் துணி மாத்தீட்டே இருந்தா தைக்கறது யாரு?" பிறகு மிஷினை நிறுத்திவிட்டு, "எங்க நிக்கோணும்னு அதுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை நான்காவது படியில் நின்றபடி சாக்பீஸை என்னிடம் வீசி, கோட்டை எங்கே போட வேண்டும் என்று கையால் காட்டினீர்கள். கிட்டத்தட்ட அந்தக் கோடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே காட்டினீர்கள். அவ்வளவு தள்ளியா என்று கேட்டதற்கு, "எனக்குப் பயம் அவ்வளவு இருக்குதுங்க" என்றீர்கள்.

நாயைப் பழக்க எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த வாரத்தில் தெரிந்தது. நான் கத்தினேன். வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் பிஸ்கட்டை நீட்டினார். மகள் போனில் வீடியோ பார்த்து இங்கிலீஷில் உத்தரவு போட்டாள். ராகி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோட்டின் மேலேயே கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. மேலிருந்து உங்கள் குரல் வந்தது: "ஏனுங்க, அளவெடுக்கறது ஒருத்தரு, வெட்டறது ஒருத்தரு, தைக்கறது ஒருத்தருன்னா ஜாக்கெட் உருப்படுமா? ஒரே வார்த்தையா வெச்சுக்கங்க. ஒருத்தரு சொல்லுங்க. மத்தவிய வாயைத் தெறக்காதீங்க." அந்த ஒரே வார்த்தை "நில்லு" என்று முடிவானது. சொல்லும் ஆள் நான் என்பதும் முடிவானது, படிவத்தில் என் பெயர்தானே இருந்தது.

காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம், அதற்கு மேல் கூடாது என்றீர்கள். கோட்டைத் தாண்டினால் கத்தக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் அந்த நிமிஷமே தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். கோழி ஈரலை உப்புப் போடாமல் வேகவைத்து, சுண்டைக்காய் அளவு நறுக்கி, நீங்களே கிண்ணத்தில் கொண்டுவந்தீர்கள். பயத்தில் நீங்கள் வீசிய முதல் துண்டு பக்கத்து வீட்டுத் துளசிமாடத்தில் போய் விழுந்தது. அதை நான் யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்தேன். நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல்முறை.

மாதம் முடிந்து ஓனர் வந்தார். நீங்கள் வேண்டுமென்றே தைத்த துணிகளை அடுக்கிக்கொண்டு இறங்கினீர்கள். பாதி வழியில் ஒரு நூல்கண்டு நழுவி, படிக்குப் படி குதித்து, ராகியின் மூக்குக்கு முன்னால் போய் உருண்டது. ராகியின் உடம்பே நூல்கண்டை நோக்கிச் சாய்ந்தது. என் வாயில் "நில்லு" வரவே இல்லை. அது தானாகவே நின்றது. ஓனர் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, எங்க ஊட்டுப் பசங்களே இப்படி நிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மகள் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "குளிச்சயா கண்ணு? நாயைத் தொட்ட கையா?" என்று நீங்கள் நெளிந்தது இப்போதும் எனக்குச் சிரிப்பு மூட்டுகிறது.

அதன் பிறகு பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டது நீங்கள்தான். நான் மில்லிலிருந்து வந்ததும் மாடி ஜன்னலிலிருந்து அன்றைய சேதி வந்துவிடும். இன்றைக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. இன்றைக்கு இரண்டு தடவை புல் தின்றது. "எடது காதை ஆட்டீட்டே இருக்குதுங்க, பாருங்க" என்று நீங்கள் சொன்ன அன்று பார்த்தால், காதுக்குள் திராட்சை மாதிரி இரண்டு உண்ணி. ஒரு நாளும் தொடாத நீங்கள் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்தீர்கள், தினம் தடவிக்கொடுக்கும் நான் கோட்டை விட்டேன். தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் அது நடுங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் நுழைந்தபோது, உங்கள் மிஷின் ஓடும் சத்தம் கேட்டால் அமைதியாவதைக் கவனித்ததும் நீங்கள்தான். அன்று சாயங்காலம் முழுவதும் துணியே இல்லாமல் வெறும் மிஷினை ஓட்டினீர்கள். ஏன் இப்படிக் காலை நோகடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்க மேலே வந்தேன். "பண்டிகைத் துணி பாக்கி இருக்குதுங்க" என்று வாய்கூசாமல் பொய் சொன்னீர்கள்.

கோடு நகர்ந்ததைப் பற்றி நாம் பேசியதே இல்லை. ஒருநாள் நான் தரை துடைத்த பிறகு புதுக்கோட்டைப் போட வந்தபோது, சாக்பீஸை நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து அளந்து, பழைய இடத்திலிருந்து நான்கு இஞ்சு உங்கள் பக்கமாகப் போட்டீர்கள். அடுத்த மாதம் இன்னொரு நான்கு இஞ்சு. நீங்கள் உட்காரும் படியும் நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கும், அதிலிருந்து இரண்டாவதுக்கும் இறங்கியது. கடைசியில் இரண்டாம் படியிலிருந்து ஒரு முழத்தில் கோடு வந்து நின்றது, அதற்கு மேல் நகரவில்லை. மத்தியான நேரம் நீங்கள் அங்கே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பீர்கள், ராகி தாடையைச் சரியாகக் கோட்டின் மேல் வைத்துப் படுத்திருக்கும். மழைச் சாரலில் கோடு அழிந்தாலும் அதற்கு இடம் தெரியும். நாளடைவில் நாம் கோடு போடுவதையே விட்டுவிட்டோம்.

போன ஆடியில் உங்கள் உடம்பு இளைக்க ஆரம்பித்தது. ஆவணியில் உங்கள் மகள் உக்கடத்திலிருந்து காரோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். நீங்கள் ஒவ்வொரு படியாக இறங்கி, இரண்டாம் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தீர்கள். ராகி தன் இடத்தில் எழுந்து நின்றது. நீங்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு கையை நீட்டி, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, "வா கண்ணு" என்றீர்கள்.

அது வரவில்லை. வால் ஆடியது, உடம்பெல்லாம் நடுங்கியது, முனகியது, ஆனால் தரையில் இல்லாத அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டீர்கள். அது என் முகத்தைப் பார்த்தது. நான் என்ன செய்தேன்? கழுத்துப்பட்டையைப் பிடித்து ஒரு முழம் நகர்த்திவிட்டிருக்கலாம். உங்கள் மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, உங்களுக்குத் தொழ வேண்டுமே, ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியாயிற்றே என்று நானாக எதையெதையோ யோசித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். நீங்கள் கேட்டது எனக்குக் கேட்காத மாதிரி நின்றேன். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "பாருங்க அம்மணி, நம்ம பேச்சை எவ்வளவு கேக்குதுன்னு" என்று சிரித்தீர்கள். கண் நிறைந்திருந்தது. "நேரமாச்சும்மா" என்று உங்கள் மகள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். மூன்று வாரத்தில் நீங்கள் போய்விட்டதாகச் சேதி வந்துவிட்டது.

நாயைப் பழக்கும்போது முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது "வா" தானாம். என் மகள் பிறகு சொன்னாள். நாம் அதை ஒருநாளும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்களிடம் அது கூப்பிடாமலே வந்தது, உங்களிடம் வரக் கூடாது என்றுதானே பாடுபட்டோம்.

அதனால் நான் ஆரம்பித்தேன். தினமும் மில்லிலிருந்து வந்ததும் இரண்டாம் படியில் உட்கார்ந்து, வேகவைத்த ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு "வா" என்பேன். வீட்டில் எங்கே கூப்பிட்டாலும் ஓடி வருகிற நாய், அந்த ஒரு இடத்தில் மட்டும் வராது. முழம் தள்ளிப் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, என்னைத் தாண்டி மாடியைப் பார்க்கும். எனக்கு ஆத்திரம் வரும், பிறகு அழுகை வரும். "உன்னைவிட அந்த நாய் தேவலாம் போல, சொன்னதை மறக்க மாட்டேங்குது" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். இரண்டு மாதம் ஆயிற்று ஒரு கால் எடுத்து வைக்க. அந்தக் காலையும் வைத்துவிட்டு, தப்பு செய்துவிட்டோமோ என்று என்னைப் பார்த்தது.

போன வாரம் உங்கள் மகள் மிஷினை எடுத்துப்போக வந்தாள். ஆட்கள் அதைப் பிரித்து இறக்கும்வரை இரண்டாம் படியில் உட்கார்ந்திருந்தாள், நீங்கள் உட்காருகிற மாதிரியே காலை ஒடுக்கிக்கொண்டு. எனக்குத் தயக்கம்தான், இருந்தாலும் கேட்டேன்: "கூப்பிடட்டுமா கண்ணு?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூப்பிடுங்க ஆன்ட்டி, ஊட்டுக்குப் போயிக் கழுவிக்கறேன்" என்றாள். "வா" என்றேன். ராகி எழுந்து வந்தது. அவள் துப்பட்டாவை நிதானமாக மோந்து பார்த்தது, பிறகு அவள் முழங்காலில் தலையை வைத்தது. அவள் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. மிஷினை வண்டியில் ஏற்றிவிட்டு ஆட்கள் கூப்பிட்ட பிறகுதான் சொன்னாள்: "ஆஸ்பத்திரில இருந்தப்ப அம்மா இதையேதான் கேட்டுட்டு இருந்தாங்க ஆன்ட்டி. அந்தத் தலை மெத்துன்னு இருக்குமா, சொரசொரன்னு இருக்குமான்னு. எனக்கு என்ன தெரியும், என்னத்தைச் சொல்றது?"

எனக்குத் தெரியும், அக்கா. என்னைக் கேட்டிருக்கலாம், நானும் வந்து சொல்லியிருக்கலாம். துணியைப் பார்க்காமலே இரண்டு விரலால் தேய்த்து ரகம் சொல்கிறவர் நீங்கள். எனக்கு அந்தக் கை இல்லை, முடிந்தவரை சொல்கிறேன். முதுகு காடாத் துணி. எதிர்ப்பக்கம் தடவினால் கையில் உறுத்தும். நெற்றி பாப்ளின், வழவழப்பு, ஆனால் கொஞ்சம் விறைப்பு. வெட்டுப்பட்ட காதுக்குப் பின்னால், கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு உள்ளங்கை அளவு இருக்கிறது. அது நூறு முறை துவைத்த, மெல்லிய வாயில் துணிச் சேலை. மத்தியானத்தில் அங்கே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், கையை எடுக்க மனசு வராது. தினமும் அங்கே கை வைக்கும்போதெல்லாம், நீங்கள் நீட்டிய கைக்கு நான் நகர்த்தித் தராத ஒரு முழம் எனக்கு உறுத்துகிறது. அன்று நகர்த்தியிருந்தால், இதைவிடச் சரியாக நீங்களே எனக்குச் சொல்லியிருப்பீர்கள்.