வடிகட்டிய ஏரித் தண்ணீர்

பருத்திப்பட்டு
18.12.1994

அன்புள்ள குணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். அகமதாபாத் குளிரில் நீயும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன், இருமல் இருந்தால் மறைக்காமல் எழுது. எதிர்வீட்டுப் புஷ்பா குடும்பம் கொரட்டூருக்குக் குடிபோய்விட்டது. சாயங்காலம் அந்தப் பக்கம் வெளிச்சம் இல்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. செயற்கைக்கோள் படத்தில் நம் ஏரி முழுக்கப் பாசி, நான் கொண்டுபோய்க் கொடுக்கும் பாட்டிலிலோ பச்சையமே இல்லை என்கிறான் அதைச் சோதித்துப் பார்க்கும் உன் நண்பன் மனோகரன், அப்படியானால் உன் கணக்குதான் சேற்றுக் கலங்கலைப் பாசி என்று தப்பாகக் காட்டுகிறது, ஒரு வருஷ வேலையை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு நானே வந்து ஏரியில் இறங்கிப் பார்க்கிறேன் என்றும். அந்த வரியைப் பல முறை படித்தேன். நீ வந்து இரண்டு பொங்கல் ஆயிற்று.

நேற்று செயற்கைக்கோள் நம் ஏரிக்கு மேலே வரும் நாள். பத்தரை மணி. வழக்கம்போல் மீன் பிடிக்கிற வீராசாமிதான் லாரி டியூபில் நடு ஏரிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். நான் பாட்டிலில் ஊற்றும்போது, இன்னா யக்கா, நல்லா பாசியா பாத்து மொண்டாந்தா நீ துணில வுட்டு அந்தப் பாசியவே கடாசுறியே, உன் புள்ள இன்னா இதுல காப்பியா போடப்போறான் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு துணியைப் பார்த்தேன். பச்சைப் பசை.

ஒரு வருஷமாக வடிகட்டித்தான் ஊற்றியிருக்கிறேன் குணா. லாரித் தண்ணீரோ பம்புத் தண்ணீரோ, குடத்தின் வாயில் துணி போட்டுப் பழகிய கை. பிள்ளைக்குப் போகிற தண்ணீர் அழுக்காகப் போக வேண்டாம் என்று இருந்திருக்கிறேன். நீ தேடியது துணியோடு போய்விட்டது. மறுபடி மொண்டுவரச் சொல்லி, அப்படியே ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேறி மனோகரனிடம் கொடுத்துவிட்டேன். அவன் எழுதுவான்.

நீ வந்த பிறகு சொல்லலாம் என்று இன்று காலை பேனாவை மூடி வைத்தேன். அதற்குள் உன் கணக்கைக் கலைத்துவிடுவாய். வேண்டாம். கணக்கு சரி, தண்ணீர்தான் தப்பு. அம்மா செய்தது என்று பேராசிரியரிடம் சொல். காரணம் தெரிந்துவிட்டதால் இதற்காக நீ வர வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. உன் படிப்பு நல்லபடியாக முடிய என் ஆசீர்வாதம். அடுத்தது ஜனவரி எட்டு, மறக்கவில்லை. பத்தரைக்குக் கரையில் நிற்பேன். அவ்வளவு உயரத்திலிருந்து ஆள் தெரியாது என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய்.

உன் அம்மா
வேம்புலியம்மாள்