வாசல் பக்கம் திருப்பிய பாதம்

என் பிரியமான அக்காவுக்கு,

வருகிற ஆடியோடு நீ போய் இரண்டு வருடம். விளக்கேற்றும்போது உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன்னிடம் சொல்லவேண்டியதை மட்டும் இதுவரை சொல்லவில்லை.

அம்பத்தூர் வீட்டுக் கூடத்தில் ஓரகத்திகள் நாம் இருவரும் வீரபத்ராசனம் பழகினோமே, நினைவிருக்கிறதா? லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்கி உன் கால் துவண்டுபோயிருந்தது. தொடைக்குப் பலம் தரும் ஆசனம் என்று வாரப் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க நானாகவே கற்றுக்கொண்ட கர்வம் எனக்கு. உனக்கு வாத்தியார் ஆகிவிட்டேன்.

கட்டிலும் தையல் மெஷினும் போக, நீளவாட்டில்தான் காலை அகட்டி நிற்க இடம். வலது காலை மடக்கினால் பாதம் நேராக எதிர்ச்சுவரில் மாட்டிய சாமி படத்தைப் பார்க்கும்.

"ஏன்டி, சாமிக்கு நேரா காலை நீட்டிக்கினு கீறேனே, கோச்சுக்க மாட்டாரு?" என்றாய்.

"பாதத்தை மட்டும் வாசப் பக்கம் திருப்பிக்கோக்கா."

"முட்டி இழுக்குதுடி."

"பழகினா சரியாப்பூடும்."

"உனுக்கு கொக்குக் காலு. என்னுது உரலாட்டம் கீது" என்று சிரித்தாய்.

முட்டியும் பாதமும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், முட்டி கணுக்காலுக்கு நேர்மேலே நிற்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. படித்தேன் அக்கா. படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். தெய்வக் குற்றமாகிவிடுமே என்ற பயம்.

எதையும் குறித்து வைக்கிறவள் நான். தினமும் எத்தனை மூச்சு நின்றோம் என்று நோட்டில் இருக்கிறது. நடுநடுவே 'அக்காவுக்கு வலது முட்டி வலி' என்று பதினோரு இடத்தில், என் கையெழுத்தில். ஒரு நாளாவது நிறுத்தினேனா?

ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நீ விழுந்தபோது செருப்பு வார் அறுந்தது என்றார்கள். அதன்பின் நீ எழுந்திருக்கவே இல்லை. வாரா, முட்டியா? ஆஸ்பத்திரியில் கேட்கத் துணிவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாயா?

இப்போது உன் மகள் தேவி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாள். கால் ஓய்ந்துபோகிறதென்று அந்த ஆசனத்தைச் சொல்லித்தரக் கேட்டாள். போன வெள்ளிக்கிழமை நின்று காட்டினேன். என் பாதம் தானாக வாசலுக்குத் திரும்பியது.

"இன்னா சித்தி, முட்டி ஒரு பக்கம் கீது, காலு ஒரு பக்கம் கீது?"

சாமி படத்தைக் காட்டிக் காரணம் சொன்னேன். அவள் சுவர்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்போ சாமியைப் பக்கத்துச் செவுத்துல மாட்டிடலாமே."

ஒரே ஒரு ஆணிதான் அக்கா. அன்றைக்கே அடித்தோம். இப்போது சாமி மார்புக்கு நேரே இருக்கிறார், பாதம் வெறும் சுவரைப் பார்க்கிறது. அந்த ஆணி அன்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

உன் முட்டி வலியை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வரும் வெள்ளிக்கிழமை அவள் காலை அகட்டும் முன், அந்த நோட்டை அவள் கையில் கொடுத்துவிடுவேன். அதைப் படித்த பிறகும் என்னிடம் கற்க நின்றாளானால், இழுக்குது என்று அவள் வாய் திறந்ததுமே நிறுத்துவேன். இது சாமி முன்னால் சொல்வது.

உன் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
உன் ஓரகத்தி.