கேட்காமல் நீட்டிய கை

ஸ்ரீரங்கம்
11.6.2024

அன்புள்ள கலைமதி அக்காவுக்கு, இருளாயி வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் எங்கள் மையத்துக்கு வந்த முதல் நாள், உங்கள் தோளில் இருந்த ஊக்கைத்தான் நான் முதலில் பார்த்தேன். தலைப்பில் குத்தியிருந்த ஊக்கின் வாய் வெளிப்பக்கமாக இருந்தது. நாமே குத்திக்கொண்டால் அப்படி வராது. எதிரே நின்று வேறு யாரோ குத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் யார் என்று ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் பச்சைச் சுடிதாரில் நின்ற பெண். ஜெஸ்வின் சாருக்கு உதவி. கை கால் விழுந்தவர்களுக்குக் குளிக்க, உடுத்த, சமைக்க அவர் மறுபடி பழக்குகிறார். நான் பாத்திரம் எடுத்துவைப்பேன், துடைப்பேன், கூட நிற்பேன். ஊர் லால்குடி தாண்டி. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். வகுப்பில் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியும், குரல் வராது. அம்மா நடவுக்குக் கூப்பிட்டபோது தப்பித்தோம் என்று போய்விட்டேன். இப்போது மையத்திலேயே பின்னறையில் தங்கியிருக்கிறேன்.

வலது கை விழுந்துவிட்டதால் நீங்கள் இடது கையால் வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று சார் சொன்னாரே, அதற்குப் பதில் போடுவது நான்தான். "நோட்டுல ஒரே வரிய எழுதினா சலிச்சுப்போயிடும். கடிதம்னா பதில் வரும். யார் போடறீங்க?" என்று எங்களிடம் கேட்டார். எல்லோரும் போனைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்க்கிறவள்தான் மாட்டுவாள் போலிருக்கிறது.

எந்த வேலையை உங்கள் கையால் செய்ய ஆசை என்று சார் கேட்டதற்கு, தலை வார வேண்டும் என்றீர்கள். சொல்லும்போது நீங்கள் சாரின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் யாரிடமும் பேசுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
இருளாயி


காட்டூர்
21.6.2024

பாப்பா இருளாயிக்கு,

எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை கை ஓய்வு கேட்கிறது.

ஊக்கைக் கண்டுபிடித்துவிட்டாய். குத்தியது என் மகள் தேன்மொழி. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். என்னைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, பிறகுதான் ஓடுகிறாள்.

தலை வாருவது பொய்தான். தேனுவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. எடமலைப்பட்டி புதூர். பையன் பெயர் ரெங்கராஜ். போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிடித்திருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால், "நான் போயிட்டா உன்ன யாரும்மா பாத்துப்பா?" என் நாத்தனார் ஜோதி அதற்கு மேல். "அண்ணியால ஒரு தம்ளர் தண்ணி மோந்து குடிக்க முடியுமா?" என்று தெருவில் நின்று பேசுகிறாள். நான் சத்துணவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சோறு வடித்தவள்.

ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு நானே காபி போட்டு, நானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வருகிறவர்களுக்காக இல்லை. தேனு பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் சரி என்று சொல்லிவிடுவாள். அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது.

அக்கா என்றே கூப்பிடு. அம்மா என்று கூப்பிட ஒருத்தி இருக்கிறாள். அவள் மிரட்டலே எனக்குப் போதும்.

கலைமதி


ஸ்ரீரங்கம்
20.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று உங்கள் வீட்டில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

நீங்கள் சரி என்ற பிறகு உங்கள் காபி ஆசையைச் சாரிடம் சொன்னேன், சிரித்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா சீப்பு வாங்கின காசு மிச்சம்" என்றார். செவ்வாயும் வெள்ளியும் நான் காட்டூர் வருவதற்கு ஏற்பாடு செய்ததும் அவர்தான். சத்திரத்தில் இறங்கித் துவாக்குடி பஸ் பிடித்து வரும் வழியெல்லாம், இன்றைக்குத் தண்ணீர் கொட்டாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வருகிறேன்.

நீங்கள் ஊற்றும்போது நான் எங்கேயோ பார்க்கிறேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். பார்த்தால் என் கை தானாக நீண்டுவிடும் அக்கா. சார் எங்களுக்குச் சொல்லியிருக்கிற ஒரே சட்டம், "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி உன் கை போகக் கூடாது. முடியலைன்னா பின்னால கட்டிக்க." எங்கள் வீட்டில் ஒருவர் தடுமாறினால் ஓடிப் பிடிக்காமல் நிற்கிறவளைப் பெண் என்றே சொல்ல மாட்டார்கள். அதனால்தான் சன்னலைப் பார்க்கிறேன். தம்ளருக்கு அடியில் ஈரத்துணியை விரித்ததும் அது நகராமல் நின்றதே, அதை மட்டும் பார்த்தேன்.

நாம் பழகுவதைப் பார்த்துவிட்டு ஜோதி அத்தை கேட்டதைச் சாரிடம் சொன்னேன். "வீட்டுக்கு வர்றவங்களுக்கு இடது கையால காபி குடுப்பீங்களா? வாங்குவாங்களா? சம்பந்தம் பேச வர்றவங்கள அவமானப்படுத்தவா கூப்பிடறோம்?" இதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன், இடுப்பில் கை வைக்காமல். சார், "யார் கையிலயும் குடுக்க வேணாம். ஒவ்வொண்ணா கொண்டுவந்து டீப்பாய் மேல வெச்சிட்டு, எடுத்துக்கங்கன்னு சொல்லட்டும்" என்றார். அப்படியே பழகலாம் அக்கா.

இருளாயி


காட்டூர்
14.8.2024

இருளாவுக்கு,

எழுத்து கொஞ்சம் நேராக வருகிறது, பார்த்தாயா?

முந்தாநாள் நீ இல்லாமலே போட்டேன். பாதி தம்ளர்தான். அடுப்பைப் பற்றவைத்தது, பால் இறக்கியது, ஊற்றியது, கூடத்துக்கு நடந்தது, எல்லாம் நான். தேனு அப்பா குடித்துவிட்டு, "சர்க்கரை போடலை" என்றார். போடவில்லைதான். ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. தம்ளரை அவரே கழுவி வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லாத வழக்கம்.

வருகிற ஞாயிறு தாண்டி வெள்ளிக்கிழமை வருகிறார்கள். நீ வர வேண்டும். சமையற்கட்டு வாசலில் நில். நின்றால் போதும். நான் கூப்பிட்டால் மட்டும் வா. நீ பின்னால் இருக்கிறாய் என்று தெரிந்தால் நான் கூடம் வரை நடந்துவிடுவேன்.

நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு வா. அந்தப் பச்சை வேண்டாம்.

கலைமதி


ஸ்ரீரங்கம்
27.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை "நீ போ" என்று சொன்னீர்கள். போய்விட்டேன். எதற்குச் சொன்னீர்கள் என்று பஸ்ஸில் யோசித்தேன், இன்னும் யோசிக்கிறேன்.

அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டையும் பூவையும் டீப்பாய் மேல் வைப்பார்கள் என்று நாம் யாருமே நினைக்கவில்லை. நீங்கள் முதல் தம்ளரோடு போய் நின்றீர்கள். வைக்க இடமில்லை. நான் உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குனியவில்லை, திரும்பவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நேராகக் கையை நீட்டினீர்கள். ஜோதி அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா வாங்க மாட்டார், எல்லோர் முன்னாலும் உங்கள் கை அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்காவுக்குக் கை முடியாதுங்க, நான் குடுக்கறேன்." அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. தம்ளரை வாங்கிக் கொடுத்தேன். மீதியையும் நானே கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எல்லோரும் குடித்தார்கள். அசிங்கம் இல்லாமல் முடிந்ததே என்று நான் நினைத்தேன் அக்கா. உள்ளே வந்தால் நீங்கள் அணைத்த அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தீர்கள்.

கோபம் என்றால் எழுத்தில் திட்டிவிடுங்கள். இன்று செவ்வாய் என்று வந்தேன், நீங்கள் கதவைத் திறக்கவில்லை.

இருளாயி


காட்டூர்
10.9.2024

இருளாயிக்கு,

நீ என் பின்னால் நின்றாய். அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. நான் முன்னால் நின்றேன். அந்த அம்மா முதலில் திகைத்தது உண்மை. பிறகு என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். வாங்க வந்தார் இருளா. அவர் விரல் தம்ளரில் படப் போகும் நேரத்தில் நீ எடுத்துக்கொண்டாய்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேனுதான் சொல்லிவிட்டாள். "வாராவாரம் வந்து கூட நிக்கற அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு, உனக்குக் கை முடியாதுன்னு. இன்னும் என்னம்மா?" என்றாள். காபியையும் நீதான் போட்டாய் என்று நினைக்கிறாள். நான் போட்டேன் என்றாலும், அவள் அப்பா சொன்னாலும் நம்பவில்லை. அவளைத் தள்ளிவிடுவதற்காகச் சொல்கிறோமாம். கடை வேலையையும் விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர்கூட அவள்தான் வாயில் வைக்கிறாள். ஜோதி வந்து, பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று அவளைப் பாராட்டிவிட்டுப் போகிறாள்.

நீ கெட்டது நினைத்துச் செய்யவில்லை. தெரியும். அதனால்தான் திட்டவும் முடியவில்லை. திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மையத்துக்கு இனி வரவில்லை. சாரிடம் சொல்லிவிடு.

கலைமதி


ஸ்ரீரங்கம்
30.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் திட்டவில்லை. "நீ அவங்கள நம்பினே. எதிர்ல இருந்தவங்களத்தான் நம்பலை" என்றார். அப்புறம், "நானும் டீப்பாய நம்பினேன். கையில குடுத்துப் பாப்போம்னு ஒரு நாள்கூட பழக்கலை" என்றார். அவர் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியதும் தெரியும். தேனு அக்கா வாசலிலேயே பேசி அனுப்பினாராம்.

நான் தேனு அக்காவுக்குப் போன் போட்டேன். காபி போட்டது யார், எத்தனை நாளாகப் பழகினீர்கள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசையாக வைத்திருந்தேன். "யாருங்க? யாருங்க பேசறது?" என்று கேட்டார். குரல் வரவில்லை அக்கா. அன்றைக்கு வேண்டாத இடத்தில் வந்தது. வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். "எதுக்குங்க போன் பண்ணிட்டுப் பேசாம இருக்கீங்க?" என்று எரிச்சலாகக் கேட்டார். அப்போதும் வரவில்லை.

நீங்கள் கடிதம் எழுதுவதை மட்டுமாவது விடாதீர்கள். எனக்குப் போட வேண்டாம். வேறு யாருக்காவது எழுதுங்கள்.

இருளாயி


காட்டூர், உங்கள் வாசல்
19.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே, படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். உங்கள் நடை சத்தம் கேட்கிறது. காலை முன்னைவிட அதிகம் இழுக்கிறீர்கள்.

இன்று என்னைப் பார்த்ததும் நீங்களாக வந்து கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தீர்கள். இறுகியிருந்தது. கம்பி இடைவெளியில் என் கை நுழையும். நான் தூக்கியிருந்தால் ஒரு நொடியில் திறந்திருக்கும். எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "என்ன பொண்ணு இது, ஒடம்புக்கு முடியாத பொம்பளை மல்லுக்கட்டறா, மரமாட்டம் நிக்குதே" என்றார். நான் நின்றேன். நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. பாதி நகர்ந்ததும் விட்டுவிட்டீர்கள். "மாத்திரை வாங்கப் போயிருக்கா. அவ வந்துதான் தொறக்கணும். நீ கெளம்பு" என்று சொல்லி உள்ளே போய்விட்டீர்கள்.

கை கொடுத்திருக்க வேண்டுமா அக்கா? அன்றைக்குக் கொடுத்தது தப்பு. இன்றைக்குக் கொடுக்காதது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. தாழ்ப்பாள் பாதி தூரம் நகர்ந்தது, அது உங்கள் கையால் நகர்ந்தது என்று சொல்ல வந்தேன். அதற்குள் நீங்கள் திரும்பிவிட்டீர்கள்.

ரெங்கராஜ் வீட்டில் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். அதை நான் திருப்பித் தர முடியாது. என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்றும் கேட்க மாட்டேன். ஆனால் உங்களால் முடியாது என்று நான் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்த வீட்டில் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னவள் நான். மாற்றிச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

தேனு அக்கா தெருமுனையில் வருகிறார், கையில் மருந்துப் பை. இதை மடித்துக் கேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவரிடம் போகிறேன்.

இருளாயி