மூன்றாம் ஓலை

12 ஜனவரி 2025, ஞாயிறு

பழவேற்காட்டில் வாடகை வீடு. சென்னைச் சிநேகிதிகள் கேட்டால் சிரிப்பார்கள். கேட்க யார் இருக்கிறார்கள்? என் இரண்டாவது கணவர் பிரதாப்பை விட்டு வந்த நாளோடு பார்ட்டி அழைப்புகளும் நின்றுவிட்டன.

இன்று கோயிலில் கடைசி வரிசை. என் மகள் பெனிட்டாவின் கல்யாண ஓலையை, மூன்று ஞாயிறு சபை முன்னால் வாசிக்கும் அந்த அறிவிப்பை, போதகர் முதல் முறை வாசித்தார். “ஜெரோம், ஜெபசெல்வி தம்பதியரின் மகள்...”

ஜெபசெல்வியா? என்னை விவாகரத்து செய்தபின் ஜெரோம் கட்டிக்கொண்டவள் அவள். பெற்றவள் நான் — ஹெலன். என் பெயர் எங்கே?

13 ஜனவரி

போதகர் வீட்டுக்கே போனேன். பெயரைத் திருத்தச் சொன்னேன்.

“நாங்களா எழுதலம்மா. பொண்ணு குடுத்ததுதான்” என்றார்.

கிளப்பில் எத்தனை பேரை ஒரே பார்வையில் உட்காரவைத்தவள் நான். அங்கே கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

15 ஜனவரி

யாரோடாவது பேச வேண்டும் என்று மீன்காரம்மாவைக் கூப்பிட்டு, வேண்டாத இறாலை வாங்கினேன்.

19 ஜனவரி, ஞாயிறு

இரண்டாம் ஓலை. அதே பெயர்.

20 ஜனவரி

பெனிட்டா வந்தாள். உட்காரவில்லை.

“என் பேரச் சொல்ல வெட்கமா?”

“வெக்கம்லாம் இல்ல மம்மி. நீங்க போனப்ப எனக்கு மூணு வயசு. நைனா கடலுக்குப் போய்டும். ராத்திரி காய்ச்சல்ல அழுதா அம்மாதான் தோள்ல போட்டுக்கினு நடக்கும். இப்ப சபை முன்னால அத இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“அப்ப நான் இன்னாடி?” — பக்கத்துக் கிராமம் சுண்ணாம்புக்குளத்தில் பிறந்த வாய், எத்தனை வருஷம் கழித்துத் திறந்தது!

வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு, “கல்யாணத்துக்கு வாங்க” என்றாள்.

அவள் போனதும் அழுதேன். கோபமும் வந்தது. மூன்றாம் ஓலையில் எழுந்து நான்தான் தாய் என்று சொன்னால் யார் தடுப்பார்கள்?

26 ஜனவரி, ஞாயிறு

வாசித்து முடித்து, “தடை ஏதும் உண்டானால் சொல்லலாம்” என்று போதகர் நிமிர்ந்தார். என்னைத்தான் பார்த்தார். முன்வரிசையில் ஜெபசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என் மகள்.

நான் எழவில்லை.

5 பிப்ரவரி

கல்யாணம் முடிந்தது. பந்தியில் பக்கத்து இலையில் ஒரு பெண்மணி, என் பட்டுப்புடவையையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பொண்ணுக்கு நீங்க இன்னா வேணும்?”

“பொண்ணோட அம்மா இருக்காங்களே, ஜெபசெல்வி... அவங்களுக்கு வேண்டியவ.”

“அப்ப நம்மாளுதான்” என்று பரிமாறுபவரைக் கூப்பிட்டு, என் இலையில் இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கச் சொன்னாள்.