ஒழிச்சோ?

ஜூலை 3, செவ்வாய்

விடாத மழை. குடைக் கம்பி ஒடிந்தது. பாறசாலையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் சேலை முட்டு வரை நனைந்தாயிற்று. பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் வகுப்புக்குக் கொண்டாட்டம்.

செ.க்குக் கணையத்தில் கல். வீட்டுக்காரர் பெயரை முழுதாக எழுத இன்னும் கை வரவில்லை, செ. போதும். டாக்டரின் முதல் கேள்வி, "மரச்சீனியாணோ ஸ்திரம்?" தினமும் மரவள்ளிக்கிழங்குதானா என்று. ஆமாம். ஜமீன் நிலத்தில் குடியிருந்த குடிகிடப்பு பத்து சென்ட் சட்டப்படி சொந்தமானதும் வேலி வரை மரச்சீனி நட்ட மனிதர். சொந்த மண்ணில் விளைந்த பெருமையில் மூன்று நேரமும் அதுதான். இப்போது அதுதான் காரணமோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

அறுப்பதற்கு முன் கிட்னி எப்படி என்று பார்க்க வேண்டுமாம். ஒரு பகல், ஒரு இரவு மூத்திரம் முழுதும் கேனில் பிடிக்க வேண்டும். கிட்னி மோசமென்றால் கத்தி வைக்க மாட்டார்கள்.

நர்ஸ் வந்து, "மூத்ரம் ஒழிச்சோ?" மலையாளத்தில் ஒழிப்பது என்றால் ஊற்றுவது, பெய்வது. தமிழ் டீச்சருக்குச் சிரிப்பு. செ.யும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஜூலை 5, வியாழன்

கேன் கொடுத்தாயிற்று. நேற்று ராத்திரி நான் வீட்டில். காவலுக்குக் கொழுந்தன் தாசன். கல்ஃபுக்கு விசா வந்து கிடக்கிறது, பம்பாயில் மெடிக்கலும் பாஸ். அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்துதான் ஏரோப்ளேன் ஏறுவேன் என்கிறான். நல்ல பிள்ளை.

சோப்பு. ஃபிளாஸ்க் மூடி. கோழிக்குத் தீனி போட அடுத்த வீட்டில் சொல்ல வேண்டும்.

வலி வந்தால் செ. முழங்காலைக் கட்டிக் குனிந்து விடுகிறார். "அறுத்து எடுக்கட்டு. செத்தாலும் சாரமில்ல." வாயை மூடுங்கள் என்றேன். மனம் ஆறவில்லை.

ஜூலை 7, சனி

ரிப்போர்ட் வந்தது. கிட்னி நன்றாக இருக்கிறது. திங்கள் ஆபரேஷன். தாசன் டீயைத் தொடவில்லை. இவனையா அறுக்கப் போகிறார்கள்?

ஜூலை 9, திங்கள்

முடிந்தது. கல்லைக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். வெள்ளை, பால்பல் மாதிரி. இவ்வளவுக்கா அத்தனை வருஷம் துடித்தார்? ஸ்தோத்திரம்.

ஜூலை 13, வெள்ளி

காய்ச்சல். உள்தையல் சேரவில்லை. வயிற்றுக் குழாய் ஓரம் கணைய நீர் கசிகிறது. பட்ட இடமெல்லாம் தோல் வெந்து சிவந்து கிடக்கிறது. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீர், இவர் தோலைத் தின்கிறது. காய்ச்சலுக்குப் புது ஊசி. கட்டிலில் தொங்கும் மூத்திரப் பை கால்வாசிதான் நிறைந்திருக்கிறது.

ஜூலை 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பையின் அடியில் கொஞ்சம், பாலில்லாத கட்டன்சாயா நிறத்தில். டாக்டர் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிட்னிக்கு ஒரு குழப்பமும் இல்லாயிருந்நல்லோ." அதை நம்பித்தான் அந்த ஊசி முழு அளவில். கிட்னி பலவீனமானவர்களுக்கு அது ஆகாதாம்.

தாசன் வராந்தாவில் பிடித்துக்கொண்டான்.

"மைனி, அந்தக் கேனுல நான் ஒழிச்சேன்."

"என்னத்தலே?"

"அண்ணனுக்கு இத்திப்போல, கொஞ்சமாதான் கெடந்துது. அறுக்க மாட்டோம்னு சொல்லுவினும்னு பயந்துபோச்சு. எனக்கதையும் சேத்து ஒழிச்சேன். பம்பாயில பயலுவ இப்பிடியாக்கும் மெடிக்கல் பாஸாவது."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல. ஊசி போட்டு ஒறங்கிக் கெடந்தான்."

ஒழிச்சேன். நம் பக்கத்தில் ஊற்றினேன் என்றுதான் அர்த்தம். தமிழில் இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்தது.

கை ஓங்கினேன். முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அடிக்க முடியவில்லை. செ.யின் அதே முகம்.

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். ரிப்போர்ட்டை மூடி வைத்தார். ஊசியை நிறுத்தச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 17, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. செ. வீங்கிவிட்டார். சோப்புப் போட்டுத்தான் மோதிரம் கழன்றது. என் விரலில் போட்டால் நிற்கவில்லை, நூல் சுற்றினேன்.

தாசன் டாக்டர் முன்னால், "எனக்க கிட்னி ஒண்ண எடுத்து அண்ணனுக்கு வைங்க சாரே." இங்கே அது நடக்காது. நடந்தாலும் இந்த உடம்பு இன்னொரு கத்தி தாங்காது.

செ. கண் திறந்து, "தாசன் போயிட்டானா?"

"இல்ல."

"எனக்காண்டி அவன நிறுத்தாத. கல்ஃபுக்குப் போகட்டு."

சரி என்றேன். ஜெபம் பாதியில் நின்று போகிறது. யாரை மன்னிக்கச் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை.

"மூத்ரம் ஒழிச்சோ?"

இல்லை.

ஜூலை 18, புதன்

தலையணை உறை துவைத்தேன். காயவில்லை. தாசன் படியிலேயே உட்கார்ந்திருக்கிறான். சோறு கொடுத்தேன்.

"மூத்ரம் ஒழிச்சோ?"

இல்லை.

ஜூலை 19, வியாழன்

வெயில். உறை காய்ந்துவிடும்.

நர்ஸ் வந்தாள். போர்வையைச் செ.யின் முகம் வரை இழுத்து நேராக்கினாள். என் தோளில் கை வைத்தாள். பைப் பக்கம் குனியவில்லை.

இன்று கேட்கவில்லை.